ஏழாம் எண் வில்லை

காலை ஒன்பது பத்து. காவல் நிலையத்தில் விபத்து நேரம் பதினொன்று இருபத்தைந்து என்று எழுதிக்கொண்டார்கள். படகின் எஞ்சின் நின்றபோது என் மகள் கைக்கடிகாரத்தைப் பார்த்திருக்கிறாள், அதனால் அந்த நேரம். எனக்கு அது ஒன்பது பத்துதான். சிதம்பரத்தில் நான் பாடம் நடத்தும் பாலிடெக்னிக்கின் வாசலில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, கடலூரில் எங்கள் படகை ஓட்டும் ஸ்ராங்குக்கு அப்போதுதான் போன் செய்தேன். நாற்பத்தெட்டு வினாடிகள் பேசியிருக்கிறேன். கைப்பேசி அப்படித்தான் காட்டுகிறது.

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் நீச்சல் தெரியாது. அப்படிப்பட்ட நாங்கள் ஒரு படகு வாங்கினோம் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். கடலூரில் உப்பனாற்றின் கரையில் தனியார் படகுத்துறை ஒன்று இருக்கிறது. அங்கே ஓடும் பன்னிரண்டு ஃபைபர் படகுகளில் ஒன்றுகூடத் துறையை நடத்துபவருக்குச் சொந்தமில்லை. ஒரு பல் மருத்துவர், ஒரு ஜவுளிக்கடைக்காரர், ஓய்வுபெற்ற ஒரு கிராம நிர்வாக அலுவலர் என்று எங்களைப் போன்றவர்கள் வாங்கி அவரிடம் ஓட்டுவதற்கு விட்டவை. மனை வாங்குவதற்குப் பதிலாக நானும் என் கணவரும் இதை வாங்கினோம். படகுக்கு மகளின் பெயரை எழுதினோம். ஸ்ராங்கு ஒருநாளும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. "புள்ள பேரச் சொல்லி கயிறு கட்டு, சேறு கழுவுன்னு கத்த முடியுமா டீச்சர்? ஏழுன்னே இருக்கட்டும்" என்றார். படகை ஓட்டுபவரை அங்கே ஸ்ராங்கு என்றுதான் அழைப்பார்கள். ஐந்து வருடங்களில் அவருடைய பெயரை ரசீதுகளில் மட்டுமே பார்த்திருக்கிறேன்.

அவருக்குக் குடிகாட்டுப் பக்கம், விவசாயக் குடும்பம். இளவயதில் ரசாயனக் கம்பெனி ஒன்றில் ஒப்பந்தக் கூலியாக இருந்து, மூக்கில் மணம் அறியும் சக்தி போய், பிறகு உரிமம் எடுத்துப் படகுக்கு வந்தவர். மனைவிக்குக் காடாம்புலியூர். ஒவ்வொரு கோடையிலும் மாமனார் வீட்டுப் பலாப்பழம் ஒன்றைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார். "பழுத்துடுச்சான்னு நீங்களே மோந்து பாத்துக்குங்க. எனக்குப் பலாவும் ஒண்ணு, டீசலும் ஒண்ணு" என்பார். படகில் எழுந்து நின்று ஆடுகிறவர்களைக் கண்டால் குரலை உயர்த்தமாட்டார். "மச்சான், உக்காரு. நீ உழுந்தா தூக்கிடுவேன். உம் பொண்டாட்டி முன்னால தூக்குனா நல்லாவா இருக்கும்?" படகே சிரிக்கும், அந்த ஆள் உட்கார்ந்துவிடுவார்.

துறையின் சீட்டுக் கொடுக்கும் அறையில் ஒரு மரப்பலகை உண்டு. மேலே ஒரு வரிசை ஆணிகள், கீழே ஒரு வரிசை. மேல் வரிசை கரை, கீழ் வரிசை ஆறு. ஒவ்வொரு படகுக்கும் எண் பொறித்த பித்தளை வில்லை. படகு புறப்படும்போது வில்லையைக் கீழே மாட்டுவார்கள், திரும்பியதும் மேலே. படகுகள் வரிசையாக முறை வைத்துத்தான் பயணிகளை ஏற்றும். கீழே போன வில்லைக்கு ஒரு முறை முடிந்தது என்று கணக்கு, அது வரிசையின் கடைசிக்குப் போய்விடும். மாதத்தில் இரண்டு நாள் உரிமையாளரின் குடும்பம் தன் படகில் இலவசமாகப் போகலாம். அப்படிப் போகிற நாளில் முறை வீணாகிவிடக் கூடாது என்பதற்காக நாங்கள் எல்லோருமே ஒரு காரியம் செய்வோம். வில்லையை மேலேயே விட்டுவிடச் சொல்வோம். படகு ஆற்றில் இருக்கும், பலகையில் கரையில் நிற்கும். பல் மருத்துவர்தான் முதலில் ஆரம்பித்தார் என்று நினைக்கிறேன். யார் ஆரம்பித்தால் என்ன.

அன்று சனிக்கிழமை, கூட்டம் உள்ள நாள். மகளுக்குக் கல்லூரி விடுமுறை. தோழிகள் இரண்டு பேருடன் காலையிலேயே கடலூருக்குப் பேருந்து ஏறிவிட்டாள். நான் ஸ்ராங்கிடம் சொன்னது இவ்வளவுதான்: பிள்ளைகள் வருகிறார்கள், ஒரு மணி நேரம் சுற்றிக்காட்டுங்கள், வில்லையை எடுக்க வேண்டாம்.

"டீச்சர், இன்னிக்குத் தண்ணி வத்தம் ஜாஸ்தி, கடலுக்கு இழுக்கும். வில்லய எறக்கிட்டே போறேனே" என்றார்.

"வரிசையில மூணாவது இடத்துல இருக்கோம். ஒரு மணி நேரந்தானே?"

"சரி, நீங்க சொன்னா சரி."

நான் பயந்த சுபாவம். மகள் தெருவைக் கடந்தாளா என்று கேட்க இரண்டு முறை போன் செய்கிறவள். அன்றும் பன்னிரண்டு நாற்பதுக்கு, இரண்டு வகுப்புகளுக்கு நடுவே, செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆற்றில் விழுந்துவிட்டது என்று பலர் சண்டை பிடித்ததால் பயணிகளின் கைப்பேசிகளைத் துறையிலேயே பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். ஸ்ராங்கின் கைப்பேசியும் எப்போதும்போல் டீக்கடையில் சார்ஜில் கிடந்தது. எனவே துறையின் மேனேஜரைக் கூப்பிட்டேன்.

"ஏழா? கரையிலதான இருக்குது டீச்சர். முறை வந்து கூப்புட்டோம், ஸ்ராங்கக் காணோம், சாப்புடப் போயிருப்பாருன்னு எட்டாம் நம்பர அனுப்பிட்டோம். பாப்பாவும் கேன்டீன்லதான் இருக்கும். பசி நேரம் பாருங்க."

எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதும்போதுகூடக் கை நிற்கிறது. கரையில் இருக்கிறது என்று அவர் பலகையைப் பார்த்துத்தான் சொல்கிறார் என்பதும், பலகையில் அதைக் கரையில் நிறுத்தியவள் நான்தான் என்பதும் எனக்குத் தோன்றவே இல்லை. வகுப்புக்குப் போனேன். ஒரு மணி நேரம் பாடம் நடத்தினேன். கரும்பலகையில் எழுதியது, ஒரு மாணவி சந்தேகம் கேட்டது எல்லாம் நினைவிருக்கிறது. அன்று நன்றாக நடத்தினேன்.

ஒன்று ஐம்பதுக்கு மறுபடி கூப்பிட்டேன். மகளின் கைப்பேசி மறுபடி மணி அடித்தது. சாப்பிட்டு முடித்தவள் பெட்டியிலிருந்து அதை எடுத்திருக்க வேண்டும் என்று தோன்றிய அந்த நொடியில் எல்லாம் புரிந்தது. மேனேஜரிடம் கத்தினேன். "வில்லயப் பாக்காதீங்க. துறைக்குப் போய்ப் படகப் பாருங்க." அவர் கைப்பேசியைக் கையில் வைத்தபடியே நடந்தார். துறையின் மரத் தளத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. யாரிடமோ அவர், "டேய், ஏழு எங்கடா?" என்றார்.

நடந்ததை மகள் ஒரே ஒரு முறை சொன்னாள், காவலர்களுக்கு. முகத்துவாரத்தின் அருகில் கிழிந்த வலை ஒன்று தண்ணீருக்குள் சுழலும் விசிறியில் சுற்றிக்கொண்டு எஞ்சின் நின்றது. நங்கூரம் பிடிக்கவில்லை. வற்றுகிற தண்ணீர் படகைக் கடல் பக்கம் இழுத்தது. இதுபோல் நூறு தடவை வலையை அறுத்திருக்கிறேன் என்று சொல்லி, மிதவைச் சட்டையைக் கழற்றிவிட்டு, கத்தியோடு ஸ்ராங்கு இறங்கினார். அதை மாட்டிக்கொண்டு முங்க முடியாது. படகின் மூக்கு மணல் திட்டில் தட்டி நின்றபோது, பின்பக்க ஆழத்தில் இருந்த அவருடைய தோள் அடிபட்டது. மேலே ஏற முடியவில்லை. விளிம்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். மூன்று பெண்களும் அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். நெடுநேரம் பிடித்திருந்தார்கள். துறையிலிருந்து இரண்டு படகுகள் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் கையில் சட்டைதான் இருந்தது. நான் பேருந்து நிலையத்தில் கிடைத்த ஒரு காரைப் பிடித்துக் கடலூர் போய்ச் சேர்ந்தபோது, என்னைப் பார்த்து அவள் சொன்ன முதல் வார்த்தை, "இப்பதாம்மா கை நழுவுச்சு. இப்பதான்."

மறுநாள் காலை தேவனாம்பட்டினத்துக்கு வடக்கே கரை ஒதுங்கினார்.

விபத்து என்று எழுதினார்கள். வில்லையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. உரிமையாளர்களின் வழக்கம் மேனேஜருக்கும் தெரியும், அதனால் அவரும் பேசவில்லை. சொல்லியிருக்கக்கூடிய ஒருவர் ஸ்ராங்குதான். குடிகாட்டுக்குப் போனேன், மாலை போட்டேன், திரும்பினேன். அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டபோதுகூட வில்லையைப் பற்றி நான் சொல்லவில்லை. பிறகு தினமும் கல்லூரிக்குப் போனேன். சாப்பிட்டேன், தூங்கினேன். அழுகை வரவில்லை. வரும் என்று என் கணவர் காத்திருந்தார். மகள் அறைக்குள்ளேயே இருந்தாள். கேட்டதற்கு உம் என்றாள், இல்லை என்றாள், அதற்கு மேல் எதுவும் இல்லை. படகைக் கரையேற்றிக் கவிழ்த்துப் போடச் சொன்னேன். கணவரிடம் மட்டும் வில்லையைப் பற்றிச் சொல்லியிருந்தேன். நாமே குடிகாட்டுக்குப் போய் அந்த அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று அவர் இரண்டு முறை சொன்னார். அடுத்த வாரம் என்றேன், இரண்டு முறையும்.

நான் போகவில்லை, அந்த அம்மாவே வந்தார். காரியம் முடிந்து சில நாட்கள் கழித்து, பிற்பகலில், தாய்வீடான காடாம்புலியூரிலிருந்து பண்ருட்டி, அங்கிருந்து வேறொரு பேருந்து என்று மாறி மாறி, விலாசம் விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் நின்றார். விரல்களில் முந்திரிக்கொட்டை உடைத்துப் பால் பட்ட கறுப்பு. உட்காரச் சொன்னேன், தண்ணீர் கொடுத்தேன். அவர் குடித்து முடிப்பதற்குள் சொல்ல ஆரம்பித்தேன். ஒன்பது பத்து, பலகை, மூன்றாவது இடம், வில்லையை இறக்கிவிட்டே போகிறேன் என்று ஸ்ராங்கு சொன்னது, நான் ஒரு மணி நேரம் பாடம் நடத்தியது. எதையும் விடவில்லை. என் குரல் வகுப்பில் இருப்பதுபோலவே சீராக இருந்தது. அவர் திட்டவேண்டும் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

சொம்பைக் கீழே வைத்தார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு உள்ளறையின் சாத்திய கதவைப் பார்த்தார்.

"நீங்க சொல்லிட்டீங்க, நான் கேட்டுக்கிட்டேன். அத இன்னொரு நாளைக்குப் பேசிக்கலாம், இப்ப எனக்குத் தெம்பு இல்ல. பாப்பாவக் கூப்புடுங்க டீச்சர். அவ்ளோ நேரம் புடிச்சிக்கினு இருந்துச்சே, அவுரு சும்மாவா இருந்திருப்பாரு? என்னா பேசுனாருன்னு அதுக்குத்தான் தெரியும். அதக் கேக்கத்தான் வந்தேன்."