கிழக்கே சூலம்

பயணம் போகிறவர்களுக்கு யோசனை சொல்வதில் அந்தக் காலத்து மைசூரில் எனக்கு நல்ல பெயர். நான் சாதாரண சர்க்கார் கச்சேரிக் குமாஸ்தாதான். ஆனாலும் எங்கள் தெருவில் யார் காசிக்குப் போனாலும் ராமேசுவரத்துக்குப் போனாலும் முதலில் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். ரயிலில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது, எந்த ஜங்ஷனில் காபியை வாயில் வைக்கலாம், எந்தச் சத்திரத்தில் மூட்டைப்பூச்சி என்று மூச்சு விடாமல் சொல்வேன். புளிச்சோறு இரண்டு நாள் தாங்கும், தேங்காய் போட்டதை எடுத்துப் போகாதே. கூஜாவின் மூடியைக் கயிறு போட்டுக் கட்டு. புதுச்செருப்போடு யாத்திரை கிளம்பாதே. இவையெல்லாம் இன்றைக்கும் சரியான யோசனைகள்தான். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நாள் பார்ப்பதிலும் நான் புலி. திங்களும் சனியும் கிழக்கே சூலம், அந்தத் திசையில் பயணம் ஆகாது. வெள்ளியும் ஞாயிறும் மேற்கே ஆகாது. போயே தீர வேண்டும் என்று வருகிறவர்களுக்குப் பரிகாரமும் சொல்வேன். கிழக்கே போகத் தயிர், மேற்கே போக வெல்லம், ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். நல்ல நேரத்தில் புறப்பட முடியாதவர்களுக்கு இருக்கவே இருக்கிறது பரஸ்தானம். பயண மூட்டையை அந்த நேரத்தில் எடுத்துப்போய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிட வேண்டும். மூட்டை வாசலைத் தாண்டினால் ஆளே புறப்பட்ட மாதிரி. அப்புறம் சௌகரியம்போல் போகலாம். இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்பதற்கு அளவே இல்லை.

எனக்கு ஒரே தங்கை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு நான்தான் அவளை, மைசூருக்குக் கிழக்கே கொள்ளேகாலத்துக்கும் அப்பால் கௌதள்ளியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தேன். நல்ல மனிதர்கள். அவள் கிராமத்திலேயே வளர்ந்தவள், பஸ்ஸில் ஏறியதே இல்லை. மைசூர் தசராவில் அரண்மனை முழுக்க விளக்கெரிவதைப் பார்க்க வேண்டும் என்று கல்யாணத்துக்கு முன்பிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று சொல்லிச் சொல்லியே நாலு தசரா போய்விட்டது.

அந்த வருஷம் அவள் உண்டாகியிருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். தாய் இல்லாதவளுக்கு அண்ணன் வீடுதான் தாய்வீடு. ஒற்றைப்படை மாதத்தில் அண்ணன் நேரில் போய் அழைத்துவர வேண்டும். ஏழாம் மாதம் தசராவோடு வந்தது. என் வீடு முழுக்க வெளியூர் விருந்தாளிகள். ஊர்வலம் பார்க்க எங்கே நிற்கலாம், சாமுண்டி மலைக்கு எந்தப் படியில் ஏறலாம் என்று அவர்களைக் கூட்டிக்கொண்டு அலைந்தேன். யார் யாருக்கோ அந்த விளக்கைக் காட்டினேன். எட்டாம் மாதம் அழைக்கக் கூடாது. சரி, ஒன்பதில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

கார்த்திகை மாதம் லீவு கிடைத்தது. தங்கைக்கு விவரமாகக் கடிதம் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டுத் திங்கள் சாயங்காலம் வந்துவிடுவேன், புதன் காலையில் உன்னை அழைத்துக்கொண்டு கிளம்புவேன். திங்கள் காலை நல்ல நேரத்தில் உன் மூட்டையைப் பக்கத்து வீட்டில் வைத்துவிடு. கரி பஸ்ஸில் குமட்டும், இரண்டு எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள். நான் வராமல் நீ யாரோடும் கிளம்பிவிடாதே. இப்படி ஒரு பக்கம் முழுக்க யோசனைதான்.

என் மூட்டையையும் வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் எதிர்வீட்டில் வைத்துவிட்டேன். சனிக்கிழமை சூலம், வீட்டில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரியடுப்பில் ஓடிக்கொண்டிருந்தன. கொள்ளேகாலம் பஸ்ஸின் பின்னால் பீப்பாய்போல நின்ற அடுப்பில் கரியைக் கொட்டி, கிளீனர் ஒரு மணி நேரம் காற்றாடியைச் சுற்றியும் வண்டி இருமியதோடு சரி. எல்லோரையும் இறக்கிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டுத் தேங்காய் வியாபாரி, மறுநாள் தன் மாட்டுவண்டி ஒன்று கொள்ளேகாலம் போகிறது, மெதுவாகத்தான் போகும், ஆனால் நிச்சயம் போய்ச் சேரும், ஏறிக்கொள்ளுங்கள் என்றார். மறுநாள் திங்கள். கிழக்கே சூலம். வேண்டாம் என்றேன்.

என் மனைவி சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். "தயிர் இருக்குதுங்க. ஒரு வாய் குடிச்சுப்போட்டுக் கெளம்புங்க. அந்தப் புள்ள அங்க பாத்துட்டே இருக்கும்."

"கர்ப்பிணிப் பொண்ணு விசயம். அதுல வெளையாடறதா?" என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

"ஊருக்கெல்லாம் தயிரைச் சொல்றீங்க. உங்களுக்கு மட்டும் ஆகாதா?"

அதற்கான பதிலை இப்போது சொல்லிவிடுகிறேன். தேங்காய் வண்டியில் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் முதுகு நோக உட்கார்ந்து போக எனக்கு இஷ்டமில்லை. சூலம் நல்ல சாக்காகக் கிடைத்தது. செவ்வாய்க்கிழமை நல்ல காரியத்துக்கு ஆகாது என்று தள்ளினேன். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று பெருமையாகப் பழமொழி சொல்லிக்கொண்டு, பழுது பார்த்த பஸ்ஸில் புதன்கிழமை காலை ஏறினேன். பரஸ்தான மூட்டை மூன்று நாளுக்கு மேல் காத்திருக்கக் கூடாது என்றும் ஒரு விதி உண்டு. அதை மட்டும் மறந்துவிட்டேன்.

வழியெல்லாம் மேட்டுக்கு மேடு எங்களை இறக்கி நடக்கவிட்டார்கள். நரசிபுரத்தில் கரி மாற்றினார்கள். இருட்டும் நேரத்தில் கொள்ளேகாலம். மறுநாள் ஹனூர் வரை இன்னொரு பஸ், அங்கிருந்து மாட்டுவண்டி. வண்டியில் உட்கார்ந்தபடி, திரும்பும்போது தங்கையை எந்தப் பக்கம் உட்காரவைத்தால் குலுங்காது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

வியாழன் மத்தியானம் கௌதள்ளியில் இறங்கியபோது வாசலில் ஆட்கள் கூடியிருந்தார்கள். யாரும் என்னை வா என்று கேட்கவில்லை. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை விடிகாலையில் வலி கண்டிருக்கிறது. குழந்தை குறுக்கே கிடந்திருக்கிறது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவள் போய்விட்டாள். குழந்தை வெளியே வரவே இல்லை. புதன்கிழமை அடக்கமும் முடிந்திருந்தது.

"காலையிலயே வண்டி பூட்டிட்டேனுங்க மச்சான்," என்றார் மாப்பிள்ளை. "கொள்ளேகாலம் ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்னு கெஞ்சினேன். எங்கண்ணன் வந்துட்டு இருப்பாரு, வழியில மாறிப் போயிருவோம், அவரு வெறும் ஊட்டுக்கு வந்து நிப்பாருன்னு சொல்லிப்போட்டா. மத்தியானத்துக்கு மேல தூக்கி வெக்கிற நெலமையில அவ இல்லீங்க."

அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அப்போது பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு துணிமூட்டையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "திங்கக்கெழமை காத்தால நல்ல நேரத்துல அம்மிணியே கொண்டாந்து வெச்சுதுங்க. அண்ணன் எழுதியிருக்காரு, நான் கெளம்பியாச்சுன்னு சிரிச்சுது. இதை யாருகிட்டக் குடுக்கறதுன்னு தெரியலீங்க."

அவிழ்த்துப் பார்த்தேன். இரண்டு சேலை. குழந்தைக்கென்று கிழித்துத் துவைத்து மடித்த பழந்துணிகள். என் மனைவிக்கு ஒரு முடிச்சு மொச்சைக்கொட்டை. என் கடிதம், நாலாக மடித்தபடி. அதற்கடியில் இரண்டு எலுமிச்சம்பழம். பஸ் எப்படி இருக்கும் என்றே தெரியாதவள், அதில் குமட்டும் என்று நான் எழுதியதை நம்பி எடுத்துவைத்திருக்கிறாள். அந்த எலுமிச்சம்பழங்களைக் கையில் வைத்துக்கொண்டு அத்தனை பேர் முன்னால் வாய்விட்டு அழுதேன்.

அந்த மூட்டையை மடியில் வைத்துக்கொண்டுதான் மைசூர் திரும்பினேன். அன்று என்ன கிழமை என்று பார்க்கவில்லை. வாசலில் நின்ற மனைவி என் முகத்தைப் பார்த்தாள், மூட்டையைப் பார்த்தாள், அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் வெகுநாள் தயிர் தோய்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. யோசனை கேட்டுக் கதவைத் தட்டியவர்களிடம், போக வேண்டும் என்று தோன்றினால் போங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். எனக்குக் கர்வம் வந்துவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

பிள்ளையை வயிற்றில் சுமந்தபடி இறந்த பெண்ணுக்கு, சுமை இறங்க வேண்டும் என்று வழியோரத்தில் சுமைதாங்கி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு பலகைக்கல், தலைச்சுமை இறக்கும் உயரத்தில். வருஷம் திரும்பியபோது மாப்பிள்ளை ஹனூரிலிருந்து கௌதள்ளி வரும் வழியில், ஒரு புளியமரத்தடியில் அதை நட்டார். நான் திங்கட்கிழமை கிளம்பிப் போனேன். கிழக்கே சூலம்தான். ஒன்றும் ஆகவில்லை, பஸ்கூட நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பூசை முடிந்து எல்லோரும் போன பிறகும் நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். விறகுச்சுமையோடு ஒரு பெண் வந்தாள். கல்லின் பக்கத்தில் நின்று, தலையை லேசாகச் சாய்த்துச் சுமையை அதன்மேல் தள்ளிவிட்டு, சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"யாருக்கு வெச்ச கல்லுங்க இது?"

"என் தங்கச்சிக்கு."

"மகராசி," என்றாள் அவள். கொஞ்ச நேரம் இளைப்பாறினாள். பிறகு தலையைக் கல்லோரம் கொடுத்து, யாரும் தொடாமலே சுமையை மறுபடி ஏற்றிக்கொண்டாள். "முன்னெல்லாம் எறக்கிவிடவும் தூக்கிவிடவும் இந்த வழியில ஆளுக்காகக் காத்துக் கெடப்பமுங்க. இனி யாரு வருவாங்கன்னும் பாத்துட்டு நிக்க வேண்டியதில்லீங்க."

என் தங்கை பார்த்துக்கொண்டு நின்றாள். திங்கள் முழுக்க, செவ்வாய் விளக்கு வைக்கும் வரைக்கும்.