எல்லைக் கல்லருகே அத்தை அறுத்த காப்புகள்

என் மகளுக்கும் மகனுக்கும் அப்பா எழுதுவது. முதலாண்டுப் படையலுக்கு வந்து இதைக் கையில் வாங்கும் சொந்தபந்தங்களும் படிக்க வேண்டும் என்றுதான் அச்சில் போடுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை.

உங்கள் அத்தை, என் அக்கா, கீழ்பென்னாத்தூர் பக்கம் நம் ஊரில், ஏரிக்கரைத் தெருவில் பிறந்தார். எங்கள் அப்பா சீக்கிரம் போய்விட்டதால் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, களை வெட்டவும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கவும் கூலிக்குப் போய் என்னைப் படிக்க வைத்தார். உள்ளூரிலேயே உங்கள் மாமாவைக் கட்டிக்கொண்டார். பிள்ளை இல்லை. உங்கள் இரண்டு பேரையும்தான் தன் பிள்ளைகள் என்று சொல்லிக்கொள்வார்.

அவரைத் தெய்வம் என்று எழுத மாட்டேன். வாய் ஜாஸ்தி. திருவண்ணாமலை ஆசிரமத்துப் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் வாடகை ரூம்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு நான் போனதிலிருந்து, ஊருக்கு வரும்போதெல்லாம், "வெள்ளைக்காரன் போர்வ தொவைக்கறவரு வந்துட்டாரு, பாய் போடுங்க" என்று தெருவே கேட்கும்படி சொல்வார். ஆனால் தெருவில் யார் வீட்டில் உலை கொதிக்கவில்லை என்பதும் அவருக்குத்தான் முதலில் தெரியும்.

ஏரிக்கு மேலே ரசாயனக் கம்பெனி வந்த பிறகு கிணற்றுத் தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியது. அத்தையின் கொல்லையில் மல்லாட்டைச் செடி வந்தது, வேரில் காய் பிடிக்கவில்லை. குளித்த பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் கொப்புளம். வேங்கிக்காலில் இருக்கும் கலெக்டர் ஆபீசுக்குத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு அத்தை நடையாய் நடந்தார். மனுவை வாங்கிக்கொள்வார்கள். பாட்டிலை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

போன ஆடியில் அம்மனுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. நீங்கள் டவுனில் வளர்ந்ததால் சொல்கிறேன். மஞ்சள் கயிறு கையில் ஏறிவிட்டால், திருவிழா முடிந்து அவிழ்க்கும்வரை நம் ஊரில் யாரும் எல்லைக் கல்லைத் தாண்ட மாட்டார்கள். சாவுக்கும் போக மாட்டார்கள். நான் டவுனில் வேலை பார்ப்பதால் கட்டிக்கொள்ளவில்லை. கூழ் ஊற்றும் நாளுக்கு வந்திருந்தேன்.

அன்று காலையில் கரகத்துக்குத் தண்ணீர் எடுக்கப் பெண்கள் ஏரியில் இறங்கினார்கள். முழங்கால் வரை நுரை. கால் எரிகிறது என்று கத்திக்கொண்டு கரையேறினார்கள்.

"இந்தத் தண்ணியில ஆத்தாவுக்குக் கரகம் ஜோடிக்கணுமா? கம்பெனிக்காரன் வாசல்ல கொண்டுபோய் வெப்போம், வாங்கடி" என்றார் அத்தை.

குடங்களோடு போய், ஊர் எல்லைக்குள்ளேயே இருக்கும் கம்பெனி கேட்டின் முன்னால் உட்கார்ந்தார்கள். பம்பைக்காரர்களும் கூடவே வந்தார்கள். மாமாவும் நானும் பின்னால் நின்றோம். போலீஸ் வேன்கள் வந்தன. இன்ஸ்பெக்டர் முதலில் மரியாதையாகத்தான் எழுந்து போகச் சொன்னார். அத்தை ஒரு சொம்பில் தண்ணீரை மொண்டு நீட்டினார்.

"ஒரு வாய் குடிச்சிட்டுச் சொல்லுங்க சார். எழுந்து போயிடறோம்."

போலீஸ்காரர்களிலேயே இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அதுதான் இன்ஸ்பெக்டருக்குப் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன். சொம்பைக் காலால் எட்டி உதைத்தார். அதோடு லத்திகள் இறங்கின.

உட்கார்ந்திருந்தவர்களை எழ விடவில்லை. முதுகில், முழங்காலில், மார்பில் அடித்தார்கள். பம்பை அடிக்கும் பெரியவர் கையூன்றி எழப் பார்த்தார். அந்த விரல்களைப் பூட்ஸ் காலால் மிதித்துத் திருகினார்கள். மாமாவின் தோள் இறங்கிப்போனது. தலைக்கு வந்த அடியைத் தடுத்ததில் என் கை ஒடிந்தது. எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது.

ஊர்ப் பக்கம் போலீஸ் மறித்து நின்றதால் எல்லோரும் தார் ரோட்டுப் பக்கம் ஓடினோம். எல்லைக் கல்லைத் தாண்டினால் அந்தப் பக்கம் கரும்புத் தோட்டம். உள்ளே புகுந்துவிட்டால் தப்பித்துவிடலாம். ஆனால் கல் வந்ததும் காப்புக் கட்டியவர்கள் அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். துரத்தி வந்தவர்களுக்கே ஒன்றும் விளங்கவில்லை. "இன்னாடி நிக்கற, ஓடுடி" என்று சொல்லிச் சொல்லி அடித்தார்கள். பெண்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அடியை வாங்கினார்களே தவிர ஒரு கால் முன்னால் போகவில்லை.

அத்தை, பக்கத்து வீட்டு மருமகள் செல்வியின் கையை இழுத்துக் கயிற்றைப் பல்லால் கடித்தார். புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் அவள். "வேணாம் அத்த, ஆத்தா கோச்சிக்கும்" என்று அழுதாள்.

"கோச்சிக்கட்டும். எங்கிட்ட வந்து கேக்கட்டும். நீ தாண்டு."

அறுத்து, பிடித்துத் தள்ளினார். அடுத்த பெண், அதற்கடுத்த பெண் என்று அறுத்துக்கொண்டே போனார். முதுகில் அடி விழ விழத்தான் அறுத்தார். ஈறு கிழிந்து வாயெல்லாம் ரத்தம். கடைசியாக ஒருத்தியின் கையில் குனிந்திருந்தபோது பின்மண்டையில் லத்தி விழுந்தது. கீழே விழுந்தார். விழுந்தவரை இன்னொரு அடி அடித்தார்கள். ஒருவர் கூந்தலைப் பிடித்து ரோட்டில் இழுத்தார். முடி கொத்தாக அவர் கையோடு வந்தது. இதை நான் கண்ணால் பார்த்தேன்.

அத்தையின் கையில் காப்பு அப்படியே இருந்தது. பக்தியால்தான் தன்னுடையதை அறுக்கவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்து அவருக்கு நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த வழியாக மூட்டை ஏற்றி வந்த திருவண்ணாமலை பாய் ஒருவர் வேனை நிறுத்தி அத்தையை ஏற்றினார். போலீஸ் மறித்தபோது, "யார் அடிச்சாங்கன்னு நான் கேக்கல சார். உசுரு இருக்குது, வழி விடுங்க" என்றார்.

ஆஸ்பத்திரியில் அத்தையின் கட்டிலுக்கும் போலீஸ் காவல் போட்டார்கள். ஒரே ஒரு முறை கண் திறந்தார். "செல்வி வூட்டுக்குப் போயிட்டாளாடா?" என்று கேட்டார். போய்விட்டாள் என்றேன். என் மாவுக்கட்டைப் பார்த்து, "இனிமே போர்வய யாரு தொவைப்பா?" என்றார். பிறகு பேசவில்லை. ஆடி முடிவதற்குள் போய்விட்டார்.

ஓடும்போது கல்லில் தடுக்கி விழுந்தார் என்று போலீஸ் எழுதியது. அதுகூட எதிர்பார்த்ததுதான். காப்பை அறுத்ததற்கு ஆத்தா கொடுத்த தண்டனை என்று நம் ஊரிலேயே பேசினார்கள். "அப்பா, அத்தைய சாமியா அடிச்சுது?" என்று, மகளே, நீ என்னிடம் கேட்டாய். அதற்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

அத்தையின் சாவைப் பற்றி வேங்கிக்காலில் விசாரணைக்குக் கூப்பிட்டபோது, அத்தை காப்பு அறுத்துவிட்ட பெண்கள் யாரும் போகவில்லை. போனால் காப்பு அறுந்ததையும் சொல்ல வேண்டும். வீட்டில் விடவில்லை. இந்த ஆண்டு திருவிழா பேச ஊர் கூடியது. காப்பு அறுந்தவர்களுக்கு இந்த முறை கயிறு கிடையாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். செல்வி, தன் மாமியாரின் பிடியை உதறிவிட்டு எழுந்தாள்.

"எனக்குக் கயிறு வேணாம், வெச்சுக்குங்க. அத்தைய ஆத்தா அடிக்கல. போலீசு அடிச்சுது. நாங்க தாண்டிட்டோம், திரும்பிப் பாத்தோம். எங்க வேணாலும் வந்து சொல்லுவேன்."

மறு வாரம் அவள் வேங்கிக்காலுக்குப் போனாள். மற்ற பெண்களும் கூடப் போய், ஒவ்வொருவராகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்கள். முடிவு இன்னும் வரவில்லை. கம்பெனி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

வேன் ஓட்டிய பாய்க்கும், ஆஸ்பத்திரியில் அத்தைக்கு ஈரத்துணியால் வாய் துடைத்துவிட்ட நர்சம்மாவுக்கும், விரல் கூடாமலேயே சாவுக்கு வந்து நின்ற பம்பைப் பெரியவருக்கும், செல்விக்கும், அவளோடு போன பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்தச் சிறு புத்தகத்தின் அட்டைக்கு வாசகம் கொடுக்க அச்சகத்துக்குப் போனேன். கடைக்காரத் தம்பி படித்துப் பார்த்துவிட்டு, "எல்லாரும் போடற மாதிரி இயற்கை எய்தினார்னு போட்டுடலாமாண்ணே? எதுக்கு வம்பு?" என்று கேட்டார். வேண்டாம் தம்பி, போலீஸ் அடித்ததில் இறந்தார் என்றே போடுங்கள் என்றேன். பிறகு, "கீழ அச்சகம் பேரு போடணுமாண்ணே?" என்றார். உங்கள் இஷ்டம் என்றேன். போட்டிருக்கிறார். அவருக்கும் நன்றி.