வாசற்படியில் டயர்ச் செருப்பு

லாரி டயரை வெட்டித் தைத்த ஒரு ஜோடி கறுப்புச் செருப்பு. வலது செருப்பின் முன்பக்கம் மட்டும் தேய்ந்து வழவழவென்று இருக்கும். அது யார் வீட்டு வாசற்படிக்குக் கீழே கிடக்கிறதோ அந்த வீட்டில் ஏதோ நல்லது என்று ரங்கூன் தாமுவேயில் எங்கள் சந்து முழுவதற்கும் தெரிந்துவிடும். செருப்பு என் சித்தப்பாவுடையது. அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. சைக்கா ஓட்டினார். சைக்கிளுக்குப் பக்கத்தில் இரண்டு பேர் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து போகிற வண்டி அது. ரங்கூனில் இன்றும் சந்து முனைகளில் நிற்கிறது. சித்தப்பாவுக்கு ஊர் கொடுத்த இன்னொரு வேலை, சேதி சொல்வது. கல்யாணம், காதுகுத்து, பிள்ளைப்பேறு, சாவு எதுவானாலும் அவர்தான் வீடு வீடாகப் போவார். போனில் சொன்னாலோ, வழியில் பார்த்துச் சொன்னாலோ அது சொன்னதாகாது. "வாசலுக்கு வந்து சொல்லலியே" என்று வராமல் இருந்துவிடுகிற ஜனம் எங்கள் ஜனம்.

சொல்வதற்கு முறை இருந்தது. நல்ல சேதி என்றால் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறி உள்ளே போய் உட்காருவார். கொடுத்ததைக் குடிப்பார். "போயிட்டு வர்றேன்" என்று சொல்லிக்கொண்டு புறப்படுவார். துக்கச் சேதி என்றால் செருப்பைக் கழற்ற மாட்டார். படியேற மாட்டார். தெருவில் நின்றபடியே சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல், வருகிறேன் என்று சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். சந்தில் இருந்த ராவுத்தர் வீடுகளுக்கும் இதே முறைதான். அவர்கள் ஊர்ப் பழக்கம் வேறாக இருந்திருக்கலாம், சித்தப்பா வந்தால் அவர்களும் முதலில் காலைத்தான் பார்ப்பார்கள். செருப்பு கழற்றியிருப்பதைக் கண்டால் எதிர்வீட்டுப் பெண்கள் கன்னத்தில் பூசிய தனாக்காச் சாந்து காய்வதற்குள் வெளியே வந்து, "அங்க செருப்பு கெடக்குடி, யாருக்குக் கல்யாணம்?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். சித்தப்பா வாய் திறப்பதற்கு முன்னால் பாதிச் சேதி அடுத்த சந்துக்குப் போயிருக்கும்.

எனக்கு இதெல்லாம் அந்த வயதில் எரிச்சலாக இருந்தது. எனக்கு எங்கேயும் இருப்புக் கொள்ளாது. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் என்று அம்மா சொல்வாள். ஒருவர் பேசி முடிப்பதற்குள் நான் அடுத்த வேலைக்கு எழுந்திருப்பேன். ஒரு சேதியைச் சொல்ல ஒரு மனிதர் செருப்பைக் கழற்றி, உட்கார்ந்து, குடித்து, கடைசியில் விஷயத்துக்கு வருவதற்குள் எனக்குத் தலை வெடித்துவிடும். "சித்தப்பா, சட்டுனு சொல்லுங்களேன்" என்பேன். அவர் சிரிப்பார். "சேதி என்ன பஸ்ஸா புள்ள, விட்டா போயிடுறதுக்கு?" என்பார். அந்த நிதானம் அவருக்குச் சைக்காவிலிருந்து வந்திருக்க வேண்டும். மேட்டில் ஏறும்போது இறங்கித் தள்ளுவாரே தவிர அவசரப்பட்டு மிதிக்க மாட்டார்.

சந்தின் கடைசி வீட்டில் ஓர் அத்தை இருந்தாள். உறவு இல்லை, சந்தில் எல்லாரும் யாருக்காவது அத்தைதான். கணவன் இல்லை, ஒரு மகள், ஒரு மகன். மகன் கப்பல் வேலைக்குப் போயிருந்தான். போவதற்குக் காகிதம் எழுதிக்கொடுத்ததே நான்தான். எனக்கு அப்போது இருபத்தொன்று. போட்டாதாங்கில், படகுத்துறைக்கு எதிரே, கப்பலுக்கு ஆள் அனுப்புகிற சின்ன ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். அத்தைக்கு அதனால் என் மேல் தனிப் பிரியம். நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது, "ஏ புள்ள, எம்மவன் கப்பல் எங்க நிக்குது?" என்று கேட்காத நாள் கிடையாது. எனக்குத் தெரியாவிட்டாலும் ஏதாவது ஒரு துறைமுகத்தின் பெயரைச் சொல்லிவிட்டு நடப்பேன். நின்று பேச எனக்கு எங்கே பொறுமை?

ஒரு மழைக்காலத்து மத்தியானம் ஆபீசுக்கு அந்த போன் வந்தது. அத்தை மகனுக்குக் காய்ச்சல் கண்டு, ஏதோ ஒரு தேசத்துத் துறைமுகத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்து, அங்கேயே முடிந்துவிட்டது என்றார்கள். மேனேஜர் பர்மியர், நல்ல மனிதர். நான் அதே சந்துக்காரி என்று அவருக்குத் தெரியும். வீட்டில் நேரில் சொல்ல முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். அன்றைக்குச் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

பஸ்ஸில் வரும்போது மூன்று தடவை இடம் மாறி உட்கார்ந்தேன். இறங்கினால் சந்து முழுக்கத் தண்ணீர், முழங்கால் அளவுக்கு. முனையில் டீக்கடைத் தாழ்வாரத்தில் சித்தப்பா வண்டியோடு நின்றிருந்தார். செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டியிருந்தார். தண்ணீரில் போட்டு நடந்தால் அடித்துக்கொண்டு போய்விடும். அவரைப் பார்த்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "நீங்க சொல்லிடுங்க சித்தப்பா. என்னால முடியாது."

அவர் சைக்கா சீட்டில் தேங்கியிருந்த மழைத் தண்ணீரைக் கையால் வழித்துவிட்டார். பிறகு, "சேதி உன் கைக்குல்ல வந்திருக்கு. நீயும் கூட வா. நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றார். நான் மாட்டேன் என்றேன். "சரி, தண்ணி வடியட்டும். காலையில செருப்பப் போட்டுக்கிட்டு முறையாப் போய்ச் சொல்றேன்" என்றார். நான் கேட்டேனா? அந்தச் சேதியை வயிற்றில் வைத்துக்கொண்டு அத்தை வீட்டைத் தாண்டிப் போக, வர, சாப்பிட, தூங்க என்னால் ஆகாது. யாராவது சொல்லித் தொலைத்துவிட வேண்டும், இப்போதே. "இப்பவே போங்க சித்தப்பா" என்று முதுகில் கை வைத்தே தள்ளினேன். அவர் லோஞ்சியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு தண்ணீரில் இறங்கிப் போனார்.

அங்கே என்ன நடந்தது என்பதை அவரே பிறகு சொன்னார். அத்தை வாசலில்தான் இருந்திருக்கிறாள். அவர் வெறுங்காலோடு வருவதைப் பார்த்தாள். மழைத் தண்ணீர் என்பது அவள் கண்ணுக்கும் தெரிந்துதான் இருக்கும். ஆனால் மனசு எதைக் கேட்க ஏங்குகிறதோ அதைத்தான் கண் பார்க்கும். "ஏன் தண்ணியில நிக்கிற, மேல ஏறு" என்று கையைப் பிடித்துப் படியேற்றிவிட்டாள். ஏறியபின் இறங்குவது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. முக்காலி போட்டாள். உட்கார்ந்தார். "மவன் சேதியாப்பா?" என்று கேட்டாள். தலையாட்டினார். "வர்றானா?" என்று கேட்டாள். எதிரே நீட்டிய தம்ளரை வாங்கித் தண்ணீரைக் குடித்துவிட்டார். முறை தெரிந்த அத்தைக்கு வேறு பதில் வேண்டியிருக்கவில்லை. போதாக்குறைக்கு எழுந்திருக்கும்போது பழக்கதோஷத்தில் "போயிட்டு வர்றேன்" என்றும் சொல்லியிருக்கிறார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அத்தை ஒரு பிஸ்கட் டப்பாவில் சர்க்கரையை எடுத்துக்கொண்டு, அந்தத் தண்ணீரில் புடவையை நனைத்துக்கொண்டு, வீடு வீடாக வந்தாள். தீபாவளிக்கு மகன் வருகிறான் என்று சொன்னாள். தீபாவளிக்கு என்று யார் அவளுக்குச் சொன்னது? யாரும் இல்லை. ராவுத்தர் வீட்டில் அவளுக்கு ஃபலூடா கொடுத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்ததும் என்னைத்தான் தேடினாள். "கப்பலுக்கு அனுப்பினவ நீ, மொதல்ல ஒனக்குத்தான் தரணும், எங்கடி போயிட்ட?" என்று என் வாயருகே கையைக் கொண்டுவந்தாள். நான் வாயைத் திறந்தேன். சர்க்கரையைத் தின்றேன்.

இதை எழுதுகிற இந்த நிமிஷமும் நான் இரண்டு தடவை எழுந்து போய்விட்டுத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

மறுநாள் காலை தண்ணீர் வடிந்து சேறாகக் கிடந்தது. சித்தப்பா டயர்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். படிக்குக் கீழே தெருவில் நின்றார். அவர் வாய் திறப்பதற்கு முன்னாலேயே செருப்பைப் பார்த்து அத்தை அலறிய சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது. "நேத்துத் தண்ணி குடிச்சிட்டுப் போனியேடா, பாவி" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். சந்தே அவர் மேல் பாய்ந்தது. அப்பா கை ஓங்கிவிட்டார். ஒரு தாயோடு இப்படியா விளையாடுவது என்று எல்லாரும் கேட்டார்கள். நான் கதவு மறைவில் நின்றேன். சேதி எனக்கு வந்தது, தள்ளிவிட்டது நான், மழையில் அனுப்பியது நான். சித்தப்பா ஒரே ஒரு முறை என் பக்கம் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். என் பெயரை அன்றும் சொல்லவில்லை, பிறகு எப்போதும் சொல்லவில்லை. அத்தை அதன்பின் அவரோடு பேசவில்லை. அவரும் சேதி சொல்லப் போவதை விட்டுவிட்டார். யார் கூப்பிட்டாலும், "எனக்கு முறை மறந்துபோச்சு" என்பார்.

அதெல்லாம் நடந்து இருபத்தேழு வருடம் ஆகிறது. மர வீடுகளை இடித்து ஆறு மாடி, எட்டு மாடி எழுப்பிவிட்டார்கள். சந்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் மலேசியாவிலும் பாங்காக்கிலும் இருக்கிறார்கள், என் மகனும்தான். வீட்டில் தமிழில் கேட்டால் பர்மியில் பதில் சொன்ன பிள்ளை, அங்கே போனபிறகு, "அம்மா, சாப்டியா?" என்று தமிழில் கேட்கிறான். கல்யாணமும் சாவும் இப்போது போனில், சந்துக்காரர்கள் குழுவில் வருகின்றன. அத்தை, ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் தாகேதாவில் மகள் வீட்டுக்குப் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அந்த மகள் குழுவில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவள் பெயர் தெரியும்போதெல்லாம் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

இந்த மழைக்காலத்தில் சித்தப்பா இறந்தார். விடியற்காலையில், தூக்கத்திலேயே. கரண்ட் எட்டு மணிக்குத்தான் வந்தது. வந்ததும் என் தம்பி மனைவி குழுவில் போட்டாள். கும்பிடும் கைகளாக வந்து குவிந்தன. "தாகேதா அத்தைக்கு?" என்று கேட்டேன். "அவங்க மக பாத்துச் சொல்லிடுவாங்கக்கா. வேலை முடிஞ்சு வந்து பாப்பாங்க" என்றாள். மத்தியானம் மூன்று மணிக்கு எடுப்பதாக இருந்தது. வேலை முடிந்து அந்த மகள் பார்க்கும்போது எல்லாம் ஆகியிருக்கும். நான் குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பஸ் பாலத்தைத் தாண்டும்போது திரும்பிவிடலாமா என்றிருந்தது. வீட்டைக் கண்டுபிடித்தேன். தரைவீடு, இரண்டு படி. அத்தை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு புளிச்சக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மிகவும் சுருங்கிப்போயிருந்தாள். நான் படிக்குக் கீழே, செருப்போடு, நின்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள்.

"யாரு? ஒன் சித்தப்பனா?"

தலையாட்டினேன். "மூணு மணிக்கு எடுக்குறாங்க அத்தை" என்றேன். முறைப்படி அதோடு திரும்பி நடந்திருக்க வேண்டும். கால் நகரவில்லை. "அத்தை, அன்னைக்குச் சேதி எனக்குத்தான் வந்துச்சு. நான்தான் அவரைப் புடிச்சுத் தள்ளினேன். அவரு காலையில சொல்றேன்னாரு. நான்தான் கேக்கல."

"தெரியும்" என்றாள். "கப்பல் ஆபீஸ்ல இருந்தவ நீ. சைக்காக்காரனுக்கா போன் வரும்?"

"அப்புறம் ஏன் அவருகூடப் பேசாம இருந்தீங்க?"

"அவன்கிட்டப் பேசினா அடுத்து ஒன்கிட்டக் கேக்கணும். ஒன்கிட்டக் கேட்டா, ஒன் வாயில சக்கரை போட்ட இந்தக் கைய நான் என்ன செய்யிறது?" கீரைக் காம்பை ஒடித்தாள். ஒடித்துக்கொண்டே சொன்னாள். "நீயா வருவேன்னு பாத்தேன். வரவேயில்ல நீ. அவன் தண்ணி குடிச்சான், நீ சக்கரை தின்ன. ரெண்டு பேருமாச் சேந்து எம்மவன ஒரு நாள் கூடுதலா உசுரோட வச்சிருந்தீங்க. வேற யாரு குடுப்பா அத? அதுக்காகக் கோவம் போயிருச்சுன்னு நெனைக்காத. கோவம் இருக்கு. ஆனா அவன்கிட்ட இந்த ஒரு வார்த்தையச் சொல்லியிருக்கலாம். விட்டுட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அவள் அழவில்லை.

"செருப்பக் கழட்டிட்டு மேல ஏறு. தண்ணி குடி."

"துக்கச் சேதி அத்தை."

"எனக்குத் தெரியாதா? ஏறு. இத ஆஞ்சு முடிச்சிட்டு ரெண்டு பேருமாப் போவோம். அவன் வாசலுக்கு நானே வர்றேன்."

கழற்றிவிட்டு ஏறினேன். கொடுத்த தண்ணீரைக் குடித்தேன். பாதிக் கட்டுக் கீரையை மடியில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். மணி ஒன்று தாண்டியிருந்தது, பஸ் கிடைக்குமோ கிடைக்காதோ. ஆனாலும் அவள் ஆய்கிற வேகத்துக்கே நானும் ஆய்ந்தேன். வெளியே படிக்குக் கீழே என் செருப்பு மழையில் நனைந்துகொண்டிருந்தது. எங்கள் பழைய சந்தாக இருந்தால் இந்நேரம் நாலு வீட்டுக் கதவு திறந்து, யாருக்குக் கல்யாணம் என்று கேட்டிருப்பார்கள். தாகேதாவில் அந்தப் பக்கமாகக் குடை பிடித்துக்கொண்டு போனவர்கள் யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.