கூலண்ட் ஹோஸைச் சுற்றிய கட்டுக்கம்பி

கூலண்ட் ஹோஸ் மாற்றிக் கொடுத்த வண்டி மறுவாரமே திரும்பி வந்தால், மெக்கானிக் முதலில் ஸ்பேர் கடைக்காரரைத் திட்ட வேண்டும். இது எங்கள் தொழில் மரபு. கும்மிடிப்பூண்டியில் பல வருடமாக ஒர்க்ஷாப் நடத்தும் எனக்கு இதில் நல்ல பழக்கம். நானும் திட்டினேன்.

வண்டி டில்லிபாபுவுடைய பைக். பக்கத்து இரும்புக் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. ரேடியேட்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் கீழ் ஹோஸ் அறுந்து, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் முழுவதும் ரோட்டில் கொட்டி, இன்ஜின் கொதித்து நின்றுவிட்டது. புது ஹோஸ் போட்டேன். அதுவும் அதே இடத்தில் அறுந்தது. வேறு கடையில் வாங்கிப் போட்டேன். அடுத்த சில நாளில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

“இன்னாண்ணா பேஜார் பண்ற? இன்னொரு வாட்டி லேட்டா வந்தா கேட்டோட அனுப்பிடுவேன்னு சூப்பர்வைசர் சொல்லிக்கீறாரு. பர்மனென்ட்டுக்கு பேரு போயிருக்குற நேரம்ணா.”

அவன் கண் கலங்கியிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. என் ஸ்கூட்டரைக் கொடுத்து அனுப்பினேன். கேட் மூடுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டான்.

இன்ஜின் ஆறிய பிறகு, மிச்சமிருந்த கூலண்டை அடி போல்ட்டைக் கழற்றி வடித்து, கிளாம்பைத் தளர்த்தி ஹோஸை உருவினேன். கூடவே ஓர் எலுமிச்சம்பழமும் வந்தது. மிளகாய், கரித்துண்டு எல்லாம் ஒரே கட்டுக்கம்பியில். பழம் நன்றாக வெந்திருந்தது. ஹோஸைச் சுற்றி முறுக்கியிருந்த கம்பி, வண்டி அதிர அதிர ரப்பரை அறுத்திருக்கிறது. முந்தைய திருஷ்டிக் கட்டுகள் வழியிலேயே கழன்று விழுந்திருக்க வேண்டும்.

புது ஹோஸ் மாட்டி, கூலண்ட் ஊற்றி, உள்ளே சிக்கிய ஏரை வெளியேற்றி வைத்தேன். சாயங்காலம் டில்லி தன் அம்மாவோடு வந்தான். கம்பியோடு பழத்தை எடுத்துக் காட்டினேன். அந்த அம்மாவுக்குக் கட்டட வேலையில் கம்பி கட்டுவதுதான் தொழில். முடிச்சு அவ்வளவு இறுக்கமாக இருந்ததில் ஆச்சரியமில்லை.

“நான்தான் தம்பி கட்னேன். ஹேண்டில்ல கட்னா இவன் அவுத்துப் போட்டுர்றான். கூட வேல செய்ற பசங்க கிண்டல் பண்றாங்களாம். அதான் தெரியாம உள்ளாற கட்னேன்.”

“உன்னால என் வேலயே போயிருக்கும்மா!” என்று டில்லி கத்தினான்.

“வேல போனா இன்னொரு வேல. உங்க நைனா இதே ஹைவேல தானடா லாரில அடிபட்டாரு? நீ ஊடு வந்து சேர்ற வரிக்கும் நான் ரோட்டயே பாத்துக்கினு குந்திக்கீறேன். உனுக்கு இன்னா தெரியும்?”

டில்லி பக்கத்துக் கடைக்குப் போய்ப் புது எலுமிச்சம்பழமும் மிளகாயும் நூலும் வாங்கி வந்தான். ஹேண்டிலில், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி, அவனே கட்டினான். அம்மா முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒரே பாகம் ஒரே இடத்தில் இரண்டு தடவை போனால், கடைக்காரரைத் திட்டுவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். அந்த வண்டி திரும்பி வருகிற வரை வீட்டில் யார் தூங்காமல் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.