பாறை இடுக்கில் பதினாறாம் வாய்ப்பாடு

காவேரிப் படித்துறையில்கூட என் பின்னலை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கும் அம்மா, அன்று பச்சைமலையில் ஒரு பாறை இடுக்குக்குள் என்னைத் தனியாக ஏன் அனுப்பினாள்? எனக்கும் ஒரு பிள்ளை பிறந்து, அவன் நெற்றியைக் காரணமில்லாமல் தொட்டுப் பார்க்கும் தாயாக நானும் ஆகிவிட்டேன். இன்னும் விடை தெரியவில்லை. அம்மாவையே கேட்டால், "நான் எங்கேடி அனுப்பினேன்? நீயாப் போயிருப்பே" என்று சொல்லிவிட்டு அடுப்பைக் கவனிக்கத் திரும்பிக்கொள்கிறாள்.

அப்போது நாங்கள் ஸ்ரீரங்கத்தில் இருந்தோம். நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் தம்பி, என் மாமா, உப்பிலியபுரத்தில் பள்ளிக்கூட வாத்தியார். பச்சைமலையில் ஓர் ஓடைப் பள்ளத்தாக்கு இருக்கிறது, அங்கே பாறைகள் நிற்கிற அழகைப் பார்க்காதவன் கண் படைத்தும் வீண் என்று ஒவ்வொரு தடவை வரும்போதும் சொல்வார். தை பிறந்ததும் அப்பா சம்மதித்தார். அம்மா புளியோதரையும் தத்தியோன்னமும் கட்டினாள். மலையில் ஓடை ஓடுகிறது என்று மாமா சொல்லியும் கேளாமல், கூஜா நிறையக் காவேரி ஜலமும் எடுத்துக்கொண்டாள்.

உப்பிலியபுரம் வரை பஸ், அடிவாரம் வரை மாட்டு வண்டி. அங்கிருந்து மாமாவுக்குப் பழக்கமான மலைக்காரர் ஒருவர் வழிகாட்ட, விடிந்த கையோடு நடந்தோம். இரண்டு பக்கமும் மரங்கள் தலைக்கு மேல் கைகோத்துக்கொண்டு நின்றன. ஓடைக்கு இரு கரையிலும் பாறைச் சுவர்கள், பழைய மதில்போல அடுக்கடுக்காக. ஒன்று யானை மண்டியிட்டது போலிருந்தது. இன்னொன்று கவிழ்த்து வைத்த அண்டா. ஆலவேர்கள் தேர் வடம் மாதிரி பாறையின் மேல் இறங்கி, பிடித்த பிடியை விடாமல் இருந்தன. எனக்கு வாய் மூடவில்லை. அம்மாவோ, "காலைப் பார்த்து வைடி" என்பதைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. அவள் அந்த மலையில் என் கால்களைத் தவிர வேறெதையாவது பார்த்தாளா என்பதே சந்தேகம்.

ஒரு திருப்பத்தில் அப்பா நின்றுவிட்டார். எதிரே நீளமாக ஒரு பாறை படுத்திருந்தது. ஒரு முனை தலைபோல் உயர்ந்திருந்தது, மறுமுனை பாதம்போல் மெலிந்திருந்தது. தலைக்கு மேல் மலைச்சுவர் பாம்பு படம் எடுத்தாற்போல் கவிந்திருந்தது. அப்பா சூரியனை அண்ணாந்து பார்த்தார். தலை மேற்கே, பாதம் கிழக்கே, முகம் தெற்கே. எங்கள் ஊர்க்காரருக்கு இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தரையில் விழுந்து சேவித்தார். எங்களையும் சேவிக்கச் சொன்னார்.

மலைக்காரர் சங்கடத்தோடு, "நாங்க இத எருமைப் பாறைனு சொல்லுவோமுங்க" என்றார்.

மாமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பார்த்தேளா அத்திம்பேர், எருமையைச் சேவிச்சுட்டேள்."

"நோக்கு எருமை தெரியறது, நேக்குப் பெருமாள் தெரியறார்" என்று அப்பா அமைதியாகச் சொல்லிவிட்டு, பாறை வலப்பக்கம் இருக்கும்படி பிரதட்சிணம் கிளம்பினார். நாங்களும் பின்னால் போனோம்.

பாறையின் பின்புறம் போனபோதுதான் வழி அடைபட்டது. பாறைக்கும் மலைச்சுவருக்கும் நடுவே ஒரு இடுக்கு மட்டும் இருந்தது. அப்பாவின் தோள் நுழையவில்லை, மாமாவின் தொந்தி கிட்டவே போகவில்லை. அந்தப் பக்கம் சமதரைதான், எங்க பிள்ளைங்க ஆட்டை விரட்டிக்கிட்டு இது வழியாத்தான் ஓடும் என்றார் மலைக்காரர். பெரியவர்கள் வந்த வழியே திரும்பிச் சுற்றி வரவேண்டும். பாதிப் பிரதட்சிணத்தில் எப்படித் திரும்புவது என்று அப்பா முகம் வாடி நின்றார். மாமாகூட அப்போது சிரிக்கவில்லை.

அப்போதுதான் அம்மா சொன்னாள். "குழந்தை போகட்டும். அவளாவது பூர்த்தி பண்ணட்டும்."

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அம்மா யாரையும் பார்க்கவில்லை. என் பின்னலைச் சுருட்டிக் கொண்டையாக முடிந்தாள். பாவாடையை இழுத்துச் செருகினாள். "பதினாறாம் வாய்ப்பாடு தெரியுமோன்னோ? உரக்கச் சொல்லிண்டே போ. எனக்குக் கேக்கணும்" என்றாள்.

காட்டிலும் பரீட்சையா என்று எனக்குச் சற்றுக் கோபம். ஒரு பதினாறு பதினாறு என்று ஆரம்பித்து, பக்கவாட்டில் நகர்ந்து போனேன். பாறை இரண்டு பக்கமும் குளிர்ந்து என் கன்னத்தைத் தொட்டது. மேலே ஒரு கோடு வானம். ஆறாவது வரியிலோ ஏழாவது வரியிலோ வெளியே வந்தேன்.

வந்ததும் வாய்ப்பாடு மறந்துபோயிற்று. பாறைகளே சுற்றிலும் எழும்பி ஒரு கிணறுபோல நின்றன. உச்சியிலிருந்து தண்ணீர் நூல் நூலாக விழுந்து, தரையைத் தொடுமுன் பாதி புகையாகிவிட்டது. ஒரு ஒற்றைத் தூணின் மேல் உருண்டைக் கல் ஒன்று, உறிப்பானைபோல, விழாமல் உட்கார்ந்திருந்தது. யார் வைத்தது? எப்போது விழும்? பெரிய கோபுரத்தடியில் வளர்ந்தவள் நான். ஆனால் ஒருவரும் கட்டாமல் ஒன்று இவ்வளவு அழகாக நிற்க முடியும் என்று அன்றுதான் கண்டேன். எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ தெரியாது. தண்ணீர்ச் சத்தத்தில் வேறெதுவும் காதில் விழவில்லை.

ஏதோ தோன்றி இடுக்குப் பக்கம் திரும்பினேன். உள்ளே இருட்டில் ஒரு கை மட்டும் தெரிந்தது. அம்மாவின் கை. வளையல்கள் பாறையில் உரச, விரல்கள் காற்றைத் துழாவிக்கொண்டிருந்தன. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஓடையில் கிடந்த வழவழப்பான கூழாங்கல் ஒன்றை எடுத்துப் போய் அந்த உள்ளங்கையில் வைத்தேன். கை கல்லை உதறிவிட்டு என் விரல்களைப் பிடித்தது.

"பதினாறு எட்டு?" என்றது அம்மாவின் குரல்.

"நூத்தி இருபத்தெட்டு."

விரல்களின் பிடி இன்னும் இறுகியது. பிறகு, "சரி" என்றாள். அப்பாவும் மாமாவும் சுற்றிக்கொண்டு வந்து சேரும்வரை அந்தக் கை என்னை விடவில்லை. பிறகு அம்மாவும் சுற்றி வந்தாள். முழங்கையிலிருந்து தோள் வரை தோல் வழன்று ரத்தம் கசிந்திருந்தது. "முள்" என்றாள். கூஜாத் தண்ணீர் அதைக் கழுவத்தான் உபயோகப்பட்டது. அப்புறம் அண்ணாந்து அந்த உருண்டைக் கல்லை வெகுநேரம் பார்த்தாள். அப்பா, பிரதட்சிணம் பூர்த்தியாயிற்று என்று என் தலையைத் தொட்டு மகிழ்ந்தார். கணக்கில் நான் தப்பவில்லை என்பதால்தான் அம்மாவின் முகம் தெளிந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன். அம்மாவுக்குப் பதினாறாம் வாய்ப்பாடே தெரியாது என்பது, பின்னால் பிறந்த என் தம்பிக்கு அதைச் சொல்லிக் கொடுக்க என்னை அவள் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது.

அப்பாவின் வாட்டத்துக்காக அனுப்பினாளா, பெருமாளை நம்பி அனுப்பினாளா, தான் பார்க்க முடியாததை நானாவது பார்க்கட்டும் என்று அனுப்பினாளா? அந்தத் தழும்பு இன்னும் அவள் கையில் இருக்கிறது. கேட்டால் முள் என்கிறாள்.

இந்தத் தை மாதம் என் ஏழு வயதுப் பிள்ளையை அதே பள்ளத்தாக்குக்கு அழைத்துப் போக மாமா வருகிறார். என் கணவருக்கும் ஆசை. எனக்கும் அந்த உருண்டைக் கல் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் அந்த இடுக்கை நினைத்ததும், விளையாடுகிறவனைக் கூப்பிட்டு நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். அனுப்பாவிட்டால் அம்மாவுக்கு இருந்த தைரியம் எனக்கு இல்லை என்றாகும். அனுப்பினாலோ, அந்தக் கொஞ்ச நேரத்தை என்னால் தாங்க முடியுமா? பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய சகோதரிகள் யாராவது எனக்கு யோசனை எழுதுங்கள். அனுப்பலாம் என்பவர்கள், அவனை எதைச் சொல்லிக்கொண்டே போகச் சொல்வது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அவனுக்கு வாய்ப்பாடு ஐந்துக்கு மேல் வரவில்லை.