கட்டிலுக்கு அடியில் பதினொரு பாட்டில்

எங்கள் வரிசையில் கடைசி அறையில் இருப்பவளைப் பளிச்சக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பக்கத்து அடுக்குமாடியில் ஐந்து வீடுகளைத் துடைத்துக் கழுவுகிறாள். அந்த ஐந்து வீட்டு அம்மாக்களுக்கும் ரொம்பப் பெரிய மனசு. பாதி தீர்ந்த ஆசிட், நாள்பட்ட ப்ளீச்சிங் தண்ணீர், லேபிள் உரிந்த டப்பா, எல்லாவற்றையும் "உனக்கு ஆகும், எடுத்துட்டுப் போ" என்று இவள் தலையில் கட்டிவிடுவார்கள். முன்பு ஆறாவதாகவும் ஒரு வீடு இருந்தது; அங்கே வேண்டாமென்று சொன்னாள். அடுத்த வாரம் அந்த வீட்டுக்கு வேறு ஆள் வந்துவிட்டாள்.

இரண்டு வருடத்துக்கு முன் இரண்டு பாட்டில்களை ஒன்றாகக் குளியலறை ஓட்டையில் கவிழ்த்தாள். குப்பென்று கிளம்பிய புகையில், பல் தேய்த்துக்கொண்டிருந்த அவள் புருஷன் சுருண்டு விழுந்தார். பெயின்ட் அடிக்கிற மனிதர். நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர். அன்றோடு ஏணி ஏறுவது போச்சு. அதற்கப்புறம் அவள் எதையும் கொட்டுவதில்லை. குப்பை வண்டிக்காரரும் தொடமாட்டார். கட்டிலுக்கு அடியில் பதினொரு பாட்டில். கட்டிலின் மேல் இழுத்து இழுத்து மூச்சு விடும் அண்ணன். ஜன்னல் இல்லாத அறை. ஒரு மூடி கசிந்தால் என்ன கதி?

இந்த மாதிரி விஷத்தையெல்லாம் பத்திரமாக வாங்கிப்போக அடுக்குமாடி வாசலுக்கு மாதம் ஒரு வண்டி வரும். பைகளைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன்.

"இங்க குடியிருக்கிறவங்க சாமான் மட்டும்தான்மா," என்றார் வாட்ச்மேன்.

"எல்லாம் இந்த வீடுங்கள்ல குடுத்ததுதாண்ணே," என்றாள் அக்கா.

"குடுத்துட்டாங்கல்ல? அப்ப அது உன்னோடது."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பைகளை அங்கேயே போட்டுவிட்டு வந்திருப்பேன். அக்காதான், "சும்மா இருடி, இருக்கிற வேலையும் போயிடும்," என்று என்னை இழுத்துக்கொண்டு வந்தாள்.

அப்போது ஒரு யோசனை சொன்னேன். "குடுத்தவங்க சிங்குக்கு அடியிலயே ஒண்ணொண்ணா வெச்சுட்டு வாக்கா."

முதலில், மூடி உடைந்து சிவப்பு நூலால் கட்டியிருந்த ஆசிட் பாட்டில் போனது. கட்டிலுக்கு அடியில் கையகலம் இடம் காலியானதைக் குனிந்து பார்த்து இரண்டு பேரும் சிரித்தோம்.

மூன்றாம் நாள் மத்தியானம் பையோடு திரும்பினாள். உள்ளே அதே சிவப்பு நூல்.

"அம்மா இன்னைக்கு எல்லாத்தையும் ஒழிச்சாங்க. இது எப்படி வந்துச்சுன்னே தெரியல, உனக்கு ஆகும், எடுத்துட்டுப் போன்னாங்க."

"வாயில என்ன கொழுக்கட்டையா? வேணாம்னு சொல்றதுக்கென்ன?"

"நான்தான் வெச்சேன்னு சொல்லவா? இல்ல, வேலையே வேணாம்னு சொல்லவா?"

கட்டிலில் அண்ணன் இருமினார். அவள் குனிந்து பாட்டிலைப் பழைய இடத்திலேயே நிறுத்தினாள். பையில் இன்னொன்றும் இருந்தது. அதையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.