அப்பா பார்த்த சனி வளையம்

துவாரகா குடியிருப்பின் மொட்டை மாடியில் ஒரு மாலை, என் சிறிய தொலைநோக்கியில் அப்பாவுக்குச் சனிக்கிரகத்தைக் காட்டினேன். முழங்கால் வலி என்று என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் படியேறியிருந்தார்.

“வளையம் தெரியுதாப்பா?”

“அச்சா, நல்லாத் தெரியுது.”

அன்று தொலைநோக்கியில் கேமராவைப் பொருத்தி எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டு, மறுவாரம் அவர் கையில் கொடுத்தேன். “வளையம் எடுப்பா வந்திருக்கு” என்றார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது படத்தின் வெறும் பின்பக்கத்தை.

கண் அழுத்தத்தால் இரு கண்களின் நரம்பும் கெட்டுவிட்டது, இனிப் பார்வை திரும்பாது என்றார் மருத்துவர். முன்பே வந்திருந்தால் கொஞ்சமாவது காப்பாற்றியிருக்கலாமாம்.

“ஏம்ப்பா சொல்லல?” என்று ஆட்டோவில் கேட்டேன்.

“நீ லீவு போட்டு அலையணுமேன்னுதான்” என்றார்.

ஒரே வீட்டில் தினமும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தும் எனக்குத் தெரியாமல் போயிற்று. வீடு வரும்வரை அவர் கையைப் பிடித்தபடியே இருந்தேன்.